அதிர்வைத் தணிக்கும் சாந்து

மும்பையில் மாதுங்காவிலும் தாராவியிலும் இருப்புப்பாதையை அடுத்து வாழும் நம்மவர்க்கு, மின்ரயில் செல்லும்போது அலமாரிப் பாத்திரங்கள் கலகலப்பது பழகிப்போன ஒலி. கீழ்த்தளத்தில் மாவரைக்கும் இயந்திரம் இருப்பின், அதன் துடிப்பு நாள் முழுதும் தரையில் தெரியும். இத்தகைய அதிர்வைத் தணிக்கப் பழைய டயரின் ரப்பரைச் சிமெண்டுச் சாந்தில் கலக்கலாம் என்பர் பொறியியல் அறிந்தோர். அது எங்குப் பயன்படும், எங்குத் தீங்காகும் என்பதை ஆராய்வோம்.

ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால், அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் உறுதிபெறும் என 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டார். அவ்வுறுதியே இன்று தொல்லையாகவும் ஆயிற்று. அத்தகைய ரப்பரை மெழுகுபோல் உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. ஆகவே தேய்ந்த டயரை அரைத்து, எஃகுக் கம்பியைக் காந்தத்தால் பிரித்து, மணல் போன்ற துகளாக்குகின்றனர்.

சாந்திலுள்ள மணலில் ஒரு பங்கை நீக்கி, அதே கன அளவு துகளை இடுவர். எடைக்கு எடை இடுதல் தவறு. ரப்பரின் அடர்த்தி மணலின் அடர்த்தியில் பாதிக்கும் குறைவு. கலவையில் நீர் மிகுந்தால் துகள் மேலே மிதந்துவிடும். இறுகிய சாந்து கல்லைப் போன்று அதிர்வைக் கடத்தும். அதனிடையே கிடக்கும் ரப்பர்த் துகளோ, அமுங்கி மீளும்போது அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றிவிடுகிறது.

ஆயினும் இந்நன்மைக்கு விலை உண்டு. சிமெண்டு ரப்பரை இறுகப் பற்றுவதில்லை. மென்மையான துகளும் மணலைப் போலப் பாரம் தாங்குவதில்லை. துகள் மிகுந்தால் சாந்தின் வலிமை விரைந்து குறையும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைந்த நீரில் துகளை ஊறவைத்துக் கழுவினால் பற்று ஓரளவு கூடும். இழந்த வலிமை முழுதும் மீளாது.

ஆதலின் இயந்திரத்தின் அடியிலிடும் தளம், பாரம் தாங்காத தடுப்புச்சுவர் ஆகியவற்றிற்கு இது ஏற்றது. தூண், உத்தரம், பாரம் சுமக்கும் சுவர் ஆகியவற்றில், பொறியாளர் கணக்கிட்டு ஒப்பாமல் கலத்தலாகாது. ரயிலின் அதிர்வு நிலத்தின் வழியே அடித்தளத்தில் ஏறுவதாதலால், சுவரில் மேற்பூச்சுப் பூசுவதால் மட்டும் அது நின்றுவிடாது என்பதையும் நினைவிற் கொள்வோம். குறைந்த செலவில் வீட்டை அமைதியாக்கித் தருவோம் என்போரிடம், எவ்விடத்தில், எவ்வளவு கலப்பீர் என முதலில் கேட்போம். வீட்டில் அமைதி வேண்டுவதே. அதன் உறுதியை விற்று அதை வாங்கலாகாது.