கூரையில் கண்ணாடி, காலடியில் குளம்!

மழையில் 'சன்ரூப்' கார்கள் ஒழுகுவது ஏன்?

ராத்திரி நல்ல மழை. காலையில் வேலைக்குக் கிளம்பி கார் கதவைத் திறந்தால் குப்பென்று ஊசல் நாற்றம்! காலை உள்ளே வைத்தால் 'சளக்'. மிதியடிக்குக் கீழே தண்ணீர். கதவும் ஜன்னலும் மூடித்தான் இருக்கின்றன. அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக வந்தது?

கூரையைப் பாருங்கள்!

இப்போது எஸ்.யு.வி. கார் வாங்குகிறவர்கள் பலர் முதலில் கேட்பதே "சன்ரூப் இருக்கா?" என்றுதான். 2019-ல் வந்த எம்.ஜி. ஹெக்டர், 2020-ல் வந்த புது கிரெட்டா போன்ற வண்டிகளில் கூரையின் பெரும்பகுதியே கண்ணாடி. (ஓடுகிற காரில் பிள்ளைகளை அதன் வழியாக நிற்க வைத்து வேடிக்கை காட்டுவது ஆபத்து. அது தனிக்கதை.)

ஒழுகியதும் "ரப்பர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. சிலர் தாங்களே சிலிக்கான் பசை வாங்கி கண்ணாடியைச் சுற்றி அப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது வீண் செலவு. கோளாறு வேறு இடத்தில்!

ரகசிய வாய்க்கால்

பலருக்குத் தெரியாத சங்கதி இதுதான். அந்தக் கண்ணாடி தண்ணீரை முழுசாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. ரப்பரைத் தாண்டி கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதைப் பிடிக்க கண்ணாடிக்கு அடியில், சுற்றிலும் வாய்க்கால் மாதிரி ஒரு தட்டு. அதன் மூலைகளில் துவாரம். துவாரத்தில் இருந்து சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாய்.

முன்பக்கக் குழாய்கள் முன் கண்ணாடியின் இருபுறத் தூணுக்குள் இறங்கி, முன்கதவுக் கீல் பக்கமோ சக்கரத்துக்கு மேலேயோ வெளியே வரும். பின்பக்கக் குழாய்கள் பின் பம்பர் பக்கம் இறங்கும். மொட்டைமாடிக் குழாய் மாதிரிதான். சருகு அடைத்தால் மாடியில் தண்ணீர் தேங்குமா, இல்லையா?

சென்னையில் நிழல் தேடி மரத்தடியில்தான் காரை நிறுத்துகிறோம். தூங்குமூஞ்சி மரத்துப் பொடி இலை, வேப்பம்பூ, இயல்வாகையின் மஞ்சள் பூ எல்லாம் கோடைப் புழுதியோடு வாய்க்காலில் படிகிறது. மழை வந்ததும் சேறாகி குழாயை அடைக்கிறது. தட்டு நிரம்பினால் தண்ணீர் காருக்குள்! பிரேக் போட்டால் மேல் விளக்கு வழியாகத் தலையில் அபிஷேகம்!

ஈரம்தானே, காய்ந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் ஸ்பாஞ்சு இருக்கிறது. மேலே காய்ந்தாலும் அது வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதை ஒட்டித்தான் மின்சார ஒயர்களின் இணைப்புகள் ஓடுகின்றன. பல வண்டிகளில் பியூஸ் பெட்டியும் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான். இணைப்பில் பாசி பிடித்தால் விளக்கு, கதவுப் பூட்டு எல்லாம் கோளாறு பண்ணும். கடன் தவணை முடிவதற்குள் ஒயரிங் செலவு வந்து நிற்கும்.

ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

சோதிப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, சன்ரூப்பைத் திறந்து, மூலை வாய்க்காலில் மெதுவாக ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள். சில வினாடிகளில் அந்தப் பக்கம் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு என்று அர்த்தம்.

முதலில் வாய்க்காலைத் துணியால் துடைத்து எடுங்கள். பிறகு புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை, நுனியை நெருப்பில் காட்டி மழுக்கி, துவாரத்துக்குள் மெதுவாக விட்டு இழுக்கலாம். இரும்புக் கம்பி கூடாது, குழாய் கிழிந்துவிடும். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் கூடாது. கூரைக்குள் குழாயின் இணைப்பு கழன்றுகொண்டால், உள்துணியையே கழற்ற வேண்டி வரும். பின்பக்கத் துவாரங்கள் பல வண்டிகளில் கைக்கு எட்டாது. அதை மட்டும் ஒர்க்ஷாப்பில் விடுவதே நல்லது.

சில வண்டிகளில் குழாயின் கீழ்நுனியில் கீறல் விட்ட ரப்பர் மூடி இருக்கும். பாதி அடைப்பு அங்கேதான். விரலால் பிசைந்துவிட்டால் சேறு கொட்டும்.

மழையே பெய்யாத நாளில் முன்பக்கம் ஈரமானால் சன்ரூப்பைக் குறை சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர். அதன் குழாய் வேறு, வைத்தியமும் வேறு.