விளாங்கனியும் பெக்ரினும்

செட்டிகுளத்தை அண்டிய வன்னிக் காடுகளிற் பாலை, முதிரை முதலிய வைர மரங்களோடு விளாவும் வளர்கின்றது. அதன் காயை ஓரடி உயரத்திலிருந்து தரையிற் போட்டால் துள்ளியெழும், முற்றியது துள்ளாது. பின்னர் கனியக் கனிய, இறுகியிருந்த சதை குழைகின்றது. இறுக்கத்திற்கும் குழைவிற்கும் பெருங்காரணமாய் நிற்கும் பொருள் ஒன்றே. அதுவே பெக்ரின்.

மரத்தின் கலங்களைச் செங்கற்களெனக் கொண்டால், அவற்றை ஒட்டவைக்கும் சாந்து நடுமென்றட்டாகும். அது பெரிதும் பெக்ரினால் ஆனது. இளங்கலத்தின் முதற்சுவரிலும் செலுலோசு இழைகளுக்கிடையே பெக்ரின் நிறைந்துள்ளது. மரம் வைரிக்கும்போது இலிக்னின் படிந்து பெக்ரினின் பங்கு குறைகின்றது. தளிரிலும் கனியிலுமே அது மிகுந்திருக்கும்.

1825ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்த பிரெஞ்சு இரசாயன அறிஞர் பிரக்கோனோ, உறைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டார். இதன் முதன்மைப் பகுதி, கலக்ரூரோனிக் அமில அலகுகள் அல்பா-1,4 பிணைப்பால் தொடுக்கப்பட்ட நீண்ட சங்கிலியாகும். அவ்வலகுகளின் அமிலக் கூட்டங்கள் சிலவற்றை மெதைற் கூட்டங்கள் மூடியிருக்கும். மூடப்படாதவை மறையேற்றம் உடையன. இரட்டை நேரேற்றமுள்ள கல்சியம் அயன் இடைநின்று அயற்சங்கிலிகள் இரண்டைப் பிணைக்கின்றது. மற்றொரு பகுதியில் இரமனோசு ஒன்றுவிட்டொன்றாய் அமைய, அதிலிருந்து அரபினோசு, கலக்ரோசுக் கிளைகள் பிரிகின்றன. மூன்றாவது பகுதி மிகச் சிக்கலானது. அதனை இவ்விரண்டாக இணைப்பது போரோன் என்பது 1996இல் தெளிவாயிற்று. போரோன் குன்றிய பயிரின் தளிர் எளிதில் முறிவதேன் என்பதும் இதனால் விளங்கும்.

காய் கனியும்போது நொதியங்கள் தொழிற்படுகின்றன. ஒன்று மெதைற் கூட்டங்களை நீக்க, மற்றொன்று சங்கிலியைத் துண்டிக்கின்றது. சாந்து கரையக் கலங்கள் நெகிழ்கின்றன.

விளாம்பழ ஜாம் உறைவதும் இவ்வமைப்பினாலேயே. மெதைற் கூட்டங்கள் மிகுந்த பெக்ரினைச் சீனியோடு காய்ச்சும்போது, சீனி நீரைத் தன்பால் ஈர்க்கின்றது. பழத்தின் புளிப்பு சங்கிலிகளின் ஏற்றத்தைத் தணிக்கின்றது. ஒன்றையொன்று விலக்கிய சங்கிலிகள் நெருங்கி வலையாகி நீரைச் சிறைப்படுத்துகின்றன. மிகக் கனிந்த பழத்திற் சங்கிலிகள் சிதைந்திருத்தலின் வலை அமையாது. அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சினும் அவ்வாறே. ஆதலின் உறையாத ஜாமுக்குச் சீனியை மேன்மேலும் சேர்ப்பது பயன்தராது. பழத்தின் பருவமறிந்து எடுத்தலே முதற்கடன்.

காட்டில் உதிர்ந்து வீணாகும் கனியைப் பண்டமாக்க விழைவோர்க்கு இவ்வறிவு பெருந்துணையாகும். தளிரைத் தாங்கிநின்ற பசையே கலத்தில் இட்ட சாற்றையும் உறையச் செய்கின்றது.