திட்டப்பணியும் காலக் கணக்கும்

திட்டப்பணி மேலாண்மை என்னும் துறையில் சான்றிதழ் வழங்கும் தேர்வுகள் இன்று பல நாடுகளில் நடைபெற்று வருகின்றன. அவற்றுள் பெரிதும் பெயர் பெற்றது, 1969-இல் அமெரிக்காவில் தோன்றிய திட்டப்பணி மேலாண்மைக் கழகம் 1984 முதல் நடத்திவரும் பி.எம்.பி. தேர்வாகும். தேர்வெழுதப் புகுவோர் பலர் வாய்பாடுகளை நெட்டுருச் செய்துகொண்டு செல்கின்றனர். வினாத்தாளோ வாய்பாட்டைக் கேட்பதோடு நிற்பதில்லை. ஒரு நிலைமையை எடுத்துரைத்து, மேலாளர் அடுத்துச் செய்யத்தக்கது யாது என்று வினவுகிறது. நன்னூல் நூற்பாவை ஒப்பிக்கத் தெரிந்து அதன் உரையை அறியாத மாணவன் படும் பாட்டை அவர்கள் அங்கே படுகின்றனர்.

தொடக்கமும் முடிவும் உடையதாய், முன்பு இல்லாத ஒன்றை உண்டாக்கும் முயற்சியே திட்டப்பணி எனப்படும். பள்ளியை நாள்தோறும் நடத்துவது திட்டப்பணியன்று. அப்பள்ளிக்குப் புதிய கட்டடம் எழுப்புவது திட்டப்பணி. செய்யவேண்டுவது எவ்வளவு, அதற்குரிய காலம் எவ்வளவு, பணம் எவ்வளவு என்னும் மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒன்றை அசைத்தால் மற்றவையும் அசையும். இவற்றினும் ஆழமானது வேலைகளின் முன்பின் முறை. எது முடிந்த பின் எது தொடங்க வேண்டும் என்பதை ஆராயாமல் கையை வைத்தால் நேரும் துன்பத்திற்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆப்பரா மாளிகை சான்றாக நிற்கிறது.

டென்மார்க்குக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வரைந்த அமைப்பு 1957-இல் போட்டியில் வெற்றி பெற்றது. சிப்பி போன்ற அதன் கூரைகளை எவ்வாறு கட்டுவது என்பது முடிவாவதற்கு முன்னரே, 1959 மார்ச்சில் அடித்தளப் பணி தொடங்கப்பட்டது. காலங்கடந்தால் பொதுமக்கள் ஆதரவு குறைந்துவிடும் என்று மாநில அரசு அஞ்சியதே அவ்விரைவுக்குக் காரணம். பின்னர்க் கூரையின் வடிவம் முடிவானபோது, முன்பு எழுப்பிய தூண்கள் அதன் பாரத்தைத் தாங்கமாட்டா என்பது தெரிந்தது. அவற்றை மீண்டும் கட்ட நேர்ந்தது. 1963-இல் 70 லட்சம் டாலரில் முடியும் என்று மதிப்பிட்ட மாளிகை, 10 கோடியே 20 லட்சம் டாலரை விழுங்கி 1973 அக்டோபர் 20-ஆம் நாள் திறக்கப்பட்டது. உட்சன் 1966-இலேயே விலகிவிட்டார். மாளிகையின் அழகை இன்று உலகம் போற்றுகிறது என்பது வேறு செய்தி.

முன்பின் முறையைக் கணக்காக்கும் நெறி, உட்சன் வெற்றி பெற்ற அதே 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாயிற்று. டூபான்ட் இரசாயன நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கணினியின் துணைகொண்டு அதனை வகுத்தனர். 'கிரிட்டிக்கல் பாத்' என்பது அதன் பெயர். 'நெருக்கடிப் பாதை' என்று அதனைத் தமிழில் பெயர்ப்பதுண்டு. ஆனால் அங்கே நெருக்கடி ஏதும் நேர்ந்துவிடவில்லை. தாமதத்திற்குச் சிறிதும் இடங்கொடாத வழி என்பதே கருத்தாதலால், 'இடங்கொடா வழி' என்றால் பொருள் எளிதில் விளங்கும்.

பள்ளியொன்று ஆண்டு மலர் வெளியிடுவதாகக் கொள்க. கட்டுரைகளைத் தொகுக்க 20 நாள். விளம்பரம் திரட்ட 12 நாள். அட்டைப்படம் வரைய 8 நாள். இம்மூன்றையும் ஒரே நாளில் தொடங்கலாம். கட்டுரையும் விளம்பரமும் கைக்கு வந்த பின்னரே பக்கம் அமைத்து மெய்ப்புப் பார்க்க இயலும். அதற்கு 10 நாள். பக்கங்களும் அட்டைப்படமும் ஆயத்தமான பின் அச்சிட 7 நாள். கட்டுவதற்கு 3 நாள். எல்லாவற்றையும் கூட்டினால் 60 வரும். மலர் வெளிவர 60 நாள் ஆகுமோ எனின், ஆகாது. கட்டுரையில் தொடங்கும் வழியின் நீளம் 40 நாள். விளம்பரத்தில் தொடங்குவது 32 நாள். அட்டைப்படத்தில் தொடங்குவது 18 நாள். இவற்றுள் மிக நீண்ட வழி எதுவோ, அதுவே மலர் வெளிவரக்கூடிய மிகக் குறைந்த காலம். நீண்டது எப்படிக் குறைந்ததாகும் என்று முதலில் மயங்காதார் இல்லை. மற்ற வழிகள் எவ்வளவு விரைவில் முடிந்தாலும் இதற்காகக் காத்திருக்கத்தானே வேண்டும்?

40 நாளுக்குக் குறைந்த வழிகளில் எஞ்சி நிற்கும் நாள்களே தளர்வு எனப்படும். விளம்பரத்திற்கு 8 நாள் தளர்வு. அட்டைப்படத்திற்கு 22 நாள். ஓவிய ஆசிரியர் மூன்று வாரம் தூரிகையைத் தொடாதிருந்தாலும் மலர் பிந்தாது. கட்டுரை தொகுப்பவர் ஒரு நாள் சோர்ந்தால் மலரே ஒரு நாள் பிந்திவிடும். விரைவு வேண்டுமென்று எண்ணி ஓவியருக்கு இருவரைத் துணையாக அனுப்பும் தலைமையாசிரியர் செலவைத்தான் பெருக்குகிறார். வேலை பிந்தும்போது எல்லாரையும் ஒருசேர முடுக்குவது மேலாளர் இயல்பு. இந்நெறி அதனைத் தடுத்து, முடுக்கவேண்டிய சில வேலைகளை மட்டும் சுட்டிக்காட்டுகிறது.

இங்கே தேர்வில் பலர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. மேலும் சிலரை அமர்த்திக் கட்டுரைத் தொகுப்பை 20 நாளிலிருந்து 10 நாளாகக் குறைத்தால் மலர் 30 நாளில் வந்துவிடுமா? வராது. 12 நாள் வேண்டிய விளம்பரம் அப்போது இடங்கொடா வழியில் ஏறிக்கொள்ளும்; மலர் வெளிவர 32 நாள் ஆகும். குறைத்தது 10 நாள். பெற்றது 8 நாள். கடைசி 2 நாளுக்குக் கொடுத்த கூலி வீண்.

கட்டுரைகள் 20 நாளில் வந்து சேரும் என்பதற்கு உறுதி என்ன? எழுதுகிறேன் என்று சொன்னவரெல்லாம் எழுதுவதில்லை என்பதை மலர் தொகுத்த ஆசிரியர் அறிவர். இத்தகைய ஐயப்பாட்டைக் கணக்கில் சேர்க்க 1958-இல் அமெரிக்கக் கப்பற்படை, போலாரிஸ் ஏவுகணைப் பணிக்காக 'பெர்ட்' என்னும் முறையைக் கையாண்டது. எல்லாம் நன்றாக நடந்தால் 14 நாள், இயல்பாக 20 நாள், எல்லாம் தவறினால் 38 நாள் என்று கொண்டால், இயல்பு நாளை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். விடை 22. தவறினால் நேரும் தாமதம், நன்றானால் கிடைக்கும் மிச்சத்தைவிடப் பெரிதாதலின் எதிர்பார்க்கும் காலம் 20-ஐத் தாண்டி நிற்கிறது. ஆகவே 40 என்று அறிவித்த தலைமையாசிரியர் 42 என்று அறிவித்திருக்க வேண்டும்.

இனிப் பணக் கணக்கு. 100 பக்கங்களை 10 நாளில் அமைக்கப் பக்கத்திற்கு 20 வெள்ளி வீதம் 2,000 வெள்ளி ஒதுக்கியதாகக் கொள்க. ஐந்தாம் நாள் மாலை 50 பக்கம் முடிந்திருக்க வேண்டும். அதன் மதிப்பு 1,000 வெள்ளி. செலவானது 880 வெள்ளிதான் என்று பொருளாளர் கூறினால் குழுவினர் மகிழ்வர். ஆனால் முடிந்தவை 40 பக்கங்களே எனின், ஈட்டிய மதிப்பு 800 வெள்ளிதான். 120 வெள்ளி மிச்சம் என்று தோன்றியது உண்மையில் 80 வெள்ளி மிகைச்செலவு. இதே விலை நீடித்தால் 2,000 வெள்ளி வேலைக்கு 2,200 வெள்ளி ஆகும். நாளொன்றுக்கு 8 பக்க வேகத்தில் வேலை முடிய 12½ நாள் செல்லும். பக்க அமைப்பு இடங்கொடா வழியில் உள்ளதாகலின், அந்த 2½ நாளும் மலர் வெளியாகும் நாளைத் தள்ளிவிடும். ஓவியரின் மேசையில் அட்டைப்படமோ எப்போதோ முடிந்து காத்துக் கிடக்கும்.