பிலிப்பைன்ஸ் செவிலியர்களின் ஆங்கில மொழித் தேர்ச்சி

பிலிப்பைன்ஸ் செவிலியர்களின் ஆங்கில மொழித் தேர்ச்சி என்பது, வெளிநாடுகளில் பணியாற்ற விரும்பும் பிலிப்பைன்ஸ் நாட்டுச் செவிலியர்கள் ஆங்கிலத்தில் பெற்றுள்ள திறனையும், அத்திறனை நிறுவுவதற்கு அவர்கள் எழுத வேண்டிய தேர்வுகளையும் குறிக்கும். உலகில் மிகுதியான செவிலியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடுகளுள் பிலிப்பைன்ஸ் ஒன்றாகும். ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், சவூதி அரேபியா முதலிய நாடுகளின் மருத்துவமனைகளில் இவர்கள் பெரும் எண்ணிக்கையில் பணிபுரிகின்றனர்.

பிலிப்பைன்சில் செவிலியர் பட்டப்படிப்பும் அரசு உரிமத் தேர்வும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஆயினும், ஆங்கிலவழியில் பெற்ற பட்டம் மட்டும் பல நாடுகளில் போதிய மொழிச் சான்றாக ஏற்கப்படுவதில்லை. ஆங்கிலத்தில் கல்வி கற்றவர்கள் மீண்டும் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருப்பதும், அத்தேர்வுகள் எத்தகைய ஆங்கிலத்தை அளக்கின்றன என்பதும் இத்துறையில் நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றன.

வரலாறு

பிலிப்பைன்ஸ் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக எசுப்பானிய ஆட்சியின் கீழ் இருந்தது. 1898 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின்படி அந்நாடு ஐக்கிய அமெரிக்காவின் வசமானது. 1901 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் 'தாமஸ்' என்னும் கப்பலில் மணிலாவுக்கு வந்தனர். கப்பலின் பெயரால் இவர்கள் 'தாமசைட்டுகள்' என அழைக்கப்படுகின்றனர்.

செவிலியர் கல்வியும் இக்காலத்திலேயே தோன்றியது. நாட்டின் முதல் செவிலியர் பள்ளி 1906 இல் இலோயிலோ நகரின் மிஷன் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அமெரிக்கப் பாடத்திட்டமும் ஆங்கிலப் பாடநூல்களும் பயன்படுத்தப்பட்டமையால், இங்கு பயின்றோர் அமெரிக்க மருத்துவமனையின் நடைமுறைகளையும் கலைச்சொற்களையும் அறிந்தவர்களாக விளங்கினர்.

1948 இல் அமெரிக்கா தொடங்கிய பரிமாற்றப் பார்வையாளர் திட்டத்தின் கீழ்ப் பல பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் அங்கு சென்றனர். 1965 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நிலையான குடியேற்றத்துக்கு வழிவகுத்தது. எனினும் அங்கு சென்றவர்களுள் பலர் மாநில உரிமத் தேர்வில் தேர்ச்சி பெற இயலாமல், செவிலிய உதவியாளர்களாகவே பணிபுரிய நேர்ந்தது. புறப்படுவதற்கு முன்னரே தகுதியைச் சோதிப்பதற்காக, வெளிநாட்டுச் செவிலியர் பள்ளிப் பட்டதாரிகளுக்கான ஆணையம் 1977 இல் அமெரிக்காவில் அமைக்கப்பட்டது. செவிலிய அறிவுடன் ஆங்கிலமும் இதன் சோதனையில் இடம்பெற்றது.

மொழித் தேர்வுகள்

1996 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், வெளிநாட்டில் பயின்ற செவிலியர்கள் ஆங்கிலத் திறனை நிறுவ வேண்டும் என விதித்தது. ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற சில நாடுகளில் பயின்றோருக்கு மொழித் தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் அவ்விலக்குப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அமெரிக்காவே தொடங்கி வைத்த ஆங்கிலக் கல்வியைப் பெற்றவர்கள், அமெரிக்காவுக்குள் நுழைய ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதாயிற்று.

செவிலியர்கள் பெரும்பாலும் எழுதும் தேர்வுகள் இரண்டு:

ஐ.இ.எல்.டி.எஸ்.: கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு பிரிவுகளைக் கொண்டது. உச்ச மதிப்பெண் 9. இதன் கல்விசார் பிரிவில் 60 நிமிடங்களுக்குள் ஒரு வரைபடத்தை 150 சொற்களிலும், பொதுப்பொருள் ஒன்றைக் குறித்த கட்டுரையை 250 சொற்களிலும் எழுத வேண்டும்.

ஓ.இ.டி.: மருத்துவத் துறையினருக்கென ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. செவிலியர் ஒருவர் நோயாளியின் குறிப்புகளைப் படித்து, அவரை வேறு பராமரிப்புக்கு அனுப்பும் கடிதத்தை எழுத வேண்டும். பேச்சுத் தேர்வில், நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவருடன் இருமுறை உரையாட வேண்டும்.

ஐக்கிய இராச்சியத்தில் செவிலியர்களைப் பதிவு செய்யும் மன்றம், 2018 டிசம்பருக்கு முன்னர் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் நான்கு பிரிவுகளிலும் 7 மதிப்பெண் கோரியது. கேட்டலிலும் பேசுதலிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களும், எழுதுதலில் அரை மதிப்பெண் குறைந்ததால் பதிவு பெற இயலாது போயினர். நோயாளிக்கு மருந்தளித்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதும் பணிக்கு, பல்கலைக்கழக மாணவருக்குரிய கட்டுரை எழுதும் திறன் எவ்வளவு தேவை என்னும் வினா இதனால் எழுந்தது. இம்மன்றம் 2017 நவம்பரில் ஓ.இ.டி. தேர்வையும் ஏற்றுக்கொண்டது; 2018 டிசம்பரில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுதலுக்கான மதிப்பெண்ணை 6.5 ஆகக் குறைத்தது. 2023 முதல், அந்நாட்டு நலத்துறையில் ஓராண்டு பணியாற்றியவர்களுள் சிலருக்கு, பணியிட மேலாளர் தரும் சான்றும் துணை ஆதாரமாக ஏற்கப்படுகிறது.

இத்தேர்வுகளின் முடிவுகள் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். பணி ஒப்பந்தமோ விசாவோ தாமதமானால், தேர்ச்சி பெற்றவரும் மீண்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுத நேரிடுகிறது. இதனால் மணிலா, செபு போன்ற நகரங்களில் தேர்வுப் பயிற்சி நிலையங்கள் பல இயங்குகின்றன.

பணியிடத்தில் ஏற்படும் இடர்ப்பாடுகள்

தேர்ச்சி பெற்ற பின்னரும் சில இடர்ப்பாடுகள் தொடர்கின்றன. அவற்றுட் சில தாய்மொழியின் இயல்பால் விளைபவை. தகலாகு மொழியில் படர்க்கை ஒருமைக்குரிய 'சியா' என்னும் சொல், தமிழின் 'அவர்' போல ஆண், பெண் வேறுபாடு காட்டாதது. எனவே ஆங்கிலத்தில் பேசும்போது 'ஹி', 'ஷி' ஆகிய சொற்கள் இடம் மாறிவிடுவதுண்டு. தகலாகின் இயல்பான ஒலிகளுள் 'எஃப்', 'வி' ஆகியவை இல்லாமையால் அவை 'ப', 'ப்ப' போன்ற இதழொலிகளாக ஒலிக்கக்கூடும்.

ஆங்கிலத்தில் 15, 50 ஆகிய எண்களின் பெயர்கள் பிறமொழியாளருக்கு மட்டுமன்றி ஆங்கிலேயருக்கும் குழப்பம் தரக்கூடியவை. மருந்தளவைத் தொலைபேசியில் பெறும்போது எண்களை 'ஒன்று, ஐந்து' எனத் தனித்தனியே கூறி, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது இப்பிழையைத் தவிர்க்கும் நடைமுறையாகும்.

வேறு சில இடர்ப்பாடுகள், ஆங்கிலம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் விளைபவை. பிலிப்பைன்ஸ் ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட் ரூம்' என்பது கழிப்பறையையும், 'ஃபார் எ வைல்' என்பது 'சற்றுப் பொறுங்கள்' என்பதையும் குறிக்கும். பிரித்தானிய முதியவர் ஒருவர் 'ஸ்பெண்ட் எ பென்னி' என்று கூறினால் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது பொருள். பாடநூலில் இல்லாத இத்தகைய வழக்குகளும் வட்டார உச்சரிப்பும் பணியிடத்திலேயே கற்கப்படுகின்றன. மருந்துப் பெயர்களும் மாறுகின்றன: பிலிப்பைன்சில் பாராசிட்டமால், சால்பூட்டமால் எனப்படுபவை அமெரிக்காவில் முறையே அசிட்டாமினோஃபென், அல்பியூட்டரால் எனப்படுகின்றன.

மொழித் தேவை பாகுபாடாக மாறிய நிகழ்வும் உண்டு. கலிபோர்னியாவின் டெலானோ நகர மருத்துவமனை ஒன்றில், பிலிப்பைன்ஸ் ஊழியர்கள் தம் மொழியில் பேசுவது மட்டும் கண்காணிக்கப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கு, 2012 இல் 9,75,000 டாலர் இழப்பீட்டு உடன்பாட்டுடன் முடிவடைந்தது.

ஆங்கிலம் பயன்படாத நாடுகள்

யப்பானுடனான பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கை 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன்கீழ்ச் சென்ற செவிலியர்கள் யப்பானிய மொழியிலேயே தேசிய உரிமத் தேர்வை எழுத வேண்டும். 2010 ஆம் ஆண்டுத் தேர்வில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 254 பேரில் மூவரே தேர்ச்சி பெற்றனர். அவர்களுள் ஒருவர் பிலிப்பைன்சைச் சேர்ந்தவர். தாய்நாட்டில் உரிமம் பெற்ற செவிலியர்களும் மொழியால் மட்டுமே தடைபடக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். பின்னர் கஞ்சி எழுத்துகளுக்கு உச்சரிப்புக் குறிப்பும் கூடுதல் நேரமும் வழங்கப்பட்டன. செருமனியிலும் செவிலியராகப் பணிபுரிய அந்நாட்டு மொழியில் தேர்ச்சி தேவைப்படுகிறது.

கல்விக் கொள்கையும் விவாதங்களும்

பிலிப்பைன்சின் 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி பிலிப்பினோவும் ஆங்கிலமும் ஆட்சி மொழிகளாகும். 1974 இல் அறிமுகமான இருமொழிக் கல்விக் கொள்கை, அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வகை செய்தது. 2003 இல் குடியரசுத் தலைவர் அர்ரோயோ ஆங்கிலக் கல்வியை வலுப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்தார். 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியைக் கொண்டுவந்தது. 2024 இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் அக்கட்டாயத்தை நீக்கியது.

ஆங்கிலமே நாட்டுக்கு வேலையும் அந்நியச் செலாவணியும் தருகிறது என்பது ஒரு சாராரின் கருத்து. பள்ளியின் மொழியை வெளிநாட்டு வேலைவாய்ப்பே தீர்மானித்தால், வீட்டில் ஆங்கிலம் பேசாத ஏழைக் குழந்தைகள் கல்வியில் பின்தங்குவர் என்பது மறுசாராரின் கருத்து. மேலும், ஆங்கிலத்தில் சிறந்தவர்களே முதலில் வெளிநாடு செல்வதால், உள்நாட்டு மருத்துவமனைகள் தேர்ந்த செவிலியர்களை இழக்கின்றன. அம்மருத்துவமனைகளில் நோயாளிகள் பேசுவது தகலாகு, செபுவானோ, இலோகானோ முதலிய மொழிகளாகும். இம்மொழிகளில் நோயாளிக்கு விளக்கும் திறன் எந்த வெளிநாட்டுத் தேர்விலும் மதிப்பிடப்படுவதில்லை.