உங்களுக்குத் தெரியுமா? கார்க் கதவுக்கு எந்தக் கை?

பிரிட்டனில் கார்க் கதவை எந்தக் கையால் திறப்பது என்பதைச் சாலை விதி நூலே சொல்கிறது. கதவை ஒட்டிய கையால் அல்ல, முடிந்தவரை மறுபக்கத்துக் கையால்! 2022 ஜனவரியில் சேர்ந்த அறிவுரை இது.

• வலப்பக்க சீட்டில் இருக்கும் டிரைவர் இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டிக் கைப்பிடியைப் பிடிக்கிறார். தோள் தானாகத் திரும்புகிறது, கூடவே தலையும். பக்கக் கண்ணாடியில் தப்பிப்போகும் சைக்கிள்கூட இப்போது கண்ணில் படும். பைசா செலவில்லாத பாதுகாப்பு!

• நெதர்லாந்தின் பெயரால் இதற்கு 'டச்சு ரீச்' என்று பெயர். 2016 முதல் இதைப் பரப்பியவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர் மைக்கேல் சார்னி.

• மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சைக்கிள் ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். முன்னால் கார்க் கதவு திடீரென்று திறந்தால் பிரேக் பிடிக்க ஏது நேரம்? ஹேண்டில்பார் கதவில் இடித்தால், ஓட்டுபவர் பெரும்பாலும் நடுரோட்டுப் பக்கம்தான் விழுவார். பின்னால் வரும் வண்டிதான் பெரிய ஆபத்து.

• சைக்கிளில் போகிறவருக்கு அதே நூல் சொல்வது: நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலமோ, 1 மீட்டரோ தள்ளியே ஓட்டுங்கள்.