மின்சாரம், காந்தம், ஒளி: நம் பிள்ளைகள் தடுக்கி விழும் அந்த ஒரு பாடம்



இந்த ஆண்டு கல்வி உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பி.எஸ்ஸி.யிலும் இன்ஜினியரிங்கிலும் சேர்ந்து அரியர் வைத்திருக்கும் நம் பிள்ளைகளின் மார்க் ஷீட்டுகளை வரிசையாக அடுக்கினால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிவப்பு மை. மின்னியல், காந்தவியல், ஒளியியல். சில கல்லூரிகளில் மூன்றும் ஒரே பேப்பர், சிலவற்றில் இரண்டாகப் பிரித்து நடத்துவார்கள். விழுகிற இடம் அதேதான்.

அவர்களில் ஒருவர் படிப்பையே விட்டுவிட்டுத் தகப்பனாரோடு இறால் வியாபாரத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தோம். தகப்பனார் மரியாதையாகத்தான் சொன்னார்: "பாய், நீங்க ஃபீஸ் கட்டினீங்க, அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான். ஆனா அவன் என்ன படிக்கிறான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது." பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. பணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று இருந்தது எங்கள் தவறு. அந்தப் பாடத்தில் என்னதான் இருக்கிறது என்று பெற்றோருக்குக் கொஞ்சமாவது சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில், சம்பந்தமில்லாத மூன்று சங்கதிகளை ஏன் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்? கடலுக்குப் போகிறவர்களுக்கு இதில் பாதி தெரியும். போட்டில் காம்பஸுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரையோ பேட்டரி ஒயரையோ வைத்தால் முள் பொய் சொல்லும். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது, சரி. ஒயரில் ஏது காந்தம்? 1820இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர் கண்டது இதைத்தான். கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தம் உண்டாகிறது. பக்கத்தில் இருக்கும் முள் திரும்புகிறது. அதுவரை மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்று நினைத்திருந்தார்கள்.

மின்சாரத்திலிருந்து காந்தம் வரும் என்றால், காந்தத்திலிருந்து மின்சாரம் வராதா? லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இவருடைய தகப்பனார் ஒரு கொல்லர். மகன் பதினாலு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்கு வந்தார். கல்லூரி வாசலை மாணவராக மிதித்ததில்லை. 1831இல் விடை கிடைத்தது. காந்தம் சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. கம்பிச் சுருளுக்குள் அது அசைந்தால், அசைகிற நேரம் மட்டும் மின்சாரம் பிறக்கிறது. நமக்குத் தெற்கே இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தில் நடப்பதும் இதுவே. நிலக்கரியை எரித்து, நீராவியால் பெரிய மின்காந்தத்தைக் கம்பிச் சுருளுக்கு நடுவே நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற விடுகிறார்கள். நொடிக்கு 50 சுற்று. மின்விசிறியின் பெட்டியில் 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பது அந்த ஐம்பதுதான். (அந்த நிலையத்தால் நம் மீனவர்களுக்கு வந்த சங்கடம் தனிக் கதை. அதை இன்னொரு இதழில் பேசுவோம்.)

ஒளி எங்கே வந்து சேர்கிறது? 1860களில் மேக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த மின்சார, காந்த விதிகளையெல்லாம் கணக்காக எழுதிப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து அலையாக ஓடும் என்று கணக்கு சொன்னது. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் என்றும் சொன்னது. அது ஒளியின் வேகம்! அப்படியானால் ஒளியே ஒரு மின்காந்த அலைதான் என்றார் அவர். ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது பிள்ளைகளோடு மொட்டை மாடிக்கு ஓடுகிறோமே, கண்ணுக்குத் தெரியும் அந்த நெருப்பின் வெளிச்சமும், ராக்கெட்டோடு பேசும் ரேடியோ அலையும் ஒரே குடும்பம். அதனால்தான் மூன்றும் ஒரே பாடம்.

ஒளியியல் பகுதிக்கு வந்தால் நம் ஊரே ஆய்வுக்கூடம். தெளிந்த தண்ணீரில் நேர் கீழே பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடியாகத்தான் தெரியும். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் வரும் ஏமாற்றம் இது. சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே இருப்பது போலத் தோன்றும். மீனைக் குத்துகிறவர் தெரியும் இடத்துக்குக் கீழே குறி வைப்பது இதனால்தான். நீச்சல் தெரியாத பிள்ளைகள் ஆழம் குறைவென்று நம்பி இறங்குவதும் இதனால்தான், அதைச் சொல்லி வையுங்கள். படகுத்துறையில் தண்ணீர்மேல் டீசல் சிந்தினால் வானவில் நிறங்கள் தெரிகின்றன. டீசலில் சாயம் ஏதும் இல்லை. அந்த மெல்லிய படலத்தின் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்களைக் கூட்டுகின்றன, சிலவற்றை அழிக்கின்றன. கல்லூரி பிராக்டிகலில் 'நியூட்டன் வளையங்கள்' என்று ஒரு சோதனை உண்டு. தட்டைக் கண்ணாடிமேல் ஒரு வில்லையை வைத்து, மஞ்சள் சோடியம் விளக்கில், நுண்ணோக்கி வழியாக வளையங்களை எண்ண வேண்டும். "வளையம் எண்ணத்தான் காலேஜுக்கு அனுப்பினேனா" என்று ஒரு தாயார் கேட்டார். அதே டீசல் படலத்தின் கதைதான் அம்மா அது, அங்கே டீசலுக்குப் பதில் காற்றுப் படலம். அந்த வளையங்களை அளந்து, வில்லையின் வளைவைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

இந்தத் துறைக்கு நாம் அந்நியர் இல்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலை ஏழு பாகங்களில் எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்று பெரிய அறிஞர்களே சொல்லி வந்த காலம் அது. இல்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று அவர் வாதிட்டார். ஒளி எப்படிச் செல்கிறது என்பதற்கு அவர் செய்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு துளைக்கு வெளியே சில விளக்குகளை வரிசையாக வைத்தால், உள்ளே இருட்டறைச் சுவரில் அத்தனை வெளிச்சப் புள்ளிகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான ஒரு புள்ளி மட்டும் மறையும். ஒளி நேர்கோட்டில் போகிறது, ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை. இப்படிச் சோதித்துப் பார்ப்பதற்கு அவர் வைத்த பெயர் 'இஃதிபார்'. மத்ரஸாவில் படிப்பினை பெறுவது என்ற பொருளில் ஓதிய சொல், அவர் நூலில் பரிசோதனை ஆகிறது. அந்த நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் ஐரோப்பாவில் அச்சாகியது. நம் ஊர்ப் பள்ளிவாசலின் சூரியக் கடிகாரத்தில் நிழல் நகர்வதைப் பார்க்கும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அப்படியென்றால் ஏன் விழுகிறார்கள்? எங்களுக்குத் தெரிந்தவரை காரணம் இரண்டு. ஒன்று ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை 'மின்காந்தத் தூண்டல்' என்று படித்தவர், கல்லூரியில் 'எலக்ட்ரோமேக்னடிக் இண்டக்ஷன்' என்று கேட்டதும் புதிதாக ஏதோ நடத்துகிறார்கள் என்று மிரண்டுவிடுகிறார். இரண்டாவது கணக்கு. வகையீடு, தொகையீடு, வெக்டர் இல்லாமல் இந்தப் பாடத்தில் ஓர் அடி நகர முடியாது. ஃபாரடேக்குக் கணக்கு வராது என்று சமாதானம் சொல்லும் மாணவர்கள், அவர் விட்ட இடத்தை நிரப்ப மேக்ஸ்வெல் வரவேண்டியிருந்ததை மறந்துவிடுகிறார்கள். கிரேக்க எழுத்துகளைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். நம் பாட்டிமார் அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்தவர்கள். எழுத்து வேறாக இருந்தாலும் உள்ளே இருந்தது தெரிந்த பேச்சுதான். இதுவும் அப்படியே.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்கு எடை போடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் தொகுதி இந்தப் பாடத்தின் மின்சாரமும் காந்தமும்தான், அதுவும் தமிழில். ஒளியியல் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. கல்லூரிப் புத்தகத்தின் பக்கத்தில் அதைத் திறந்து வைத்துப் படித்தால் பாதி பயம் போகும். எடை போட்டுவிட்டவர்கள் அரசுப் பாடநூலை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. ஆய்வுக்கூட வகுப்பு பிற்பகலில் முடியத் தாமதமாகும். பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து வீடு வர இருட்டிவிடும். அந்தக் காரணத்துக்காக பிராக்டிகல் நாட்களில் மகளை நிறுத்திக்கொண்ட வீடுகளை நாங்கள் அறிவோம். செய்த சோதனையை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் அந்தத் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். ஒரே பஸ்ஸில் வரும் பிள்ளைகளைச் சேர்த்து, வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்று அழைத்து வர ஏற்பாடு செய்யலாம். முறையை எழுதி வைக்கும் பொறுப்பை டிரஸ்ட் எடுத்துக்கொள்கிறது.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் இந்தப் பாடத்துக்கு வகுப்பு நடக்கும். இயற்பியல் முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கணக்கில் தொடங்குவார்கள். கட்டணம் இல்லை. படிப்பை விட்ட அந்தத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறோம். இறால் சீசன் முடியட்டும் என்றார். வருகிறவர்கள் மார்க் ஷீட்டையும் எடுத்து வாருங்கள், அரியர் இருந்தாலும் பரவாயில்லை.