கிளென்மார்கன் சரிவில் ஒரு டாங்கிக் கணக்கு

நீலகிரியின் கிளென்மார்கனில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. தேயிலைத் தோட்டத்தையும் மின்வாரியத்தின் சிறிய அணையையும் தாண்டினால் அடுத்தது பள்ளம்தான். மேகம் விலகினால் கீழே சிங்காராவும் மசினகுடிப் பக்கத்துக் காடும் தெரியும். உயர வித்தியாசம் 900 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தை நம்பித்தான் 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தது. 2005-ல் மலையைக் குடைந்து 150 மெகாவாட் நிலையம் ஒன்றையும் சேர்த்தார்கள். இங்கே குழாய்க்குள் இறங்கும் தண்ணீர், கீழே போய் மின்சாரமாகிறது.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்ப்போம். ஆவடியில் உருவான அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியின் எடை 68 டன். அதைச் சிங்காராவிலிருந்து கிளென்மார்கனுக்கு ஏற்றுவதென்றால் எவ்வளவு ஆற்றல் வேண்டும்? சாலை இருக்கிறதா, கொண்டை ஊசி வளைவில் திரும்புமா, மழையில் ஊறிய நீலகிரி மண் தாங்குமா என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இயற்பியலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 68 டன்னை 900 மீட்டர் தூக்க சுமார் 167 யூனிட் தேவை. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட்தான். அர்ஜுனின் 1,400 குதிரைத்திறன் எஞ்சின், துளியும் வீணாக்காமல் முழுமூச்சாக உழைத்தால், பத்தே நிமிடத்தில் ஏற்றிவிடும். ஆனால் குளிர்விக்கும் விசிறி, கியர்பெட்டி, சங்கிலித் தடம் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கால் மணி நேரம் ஆகும். 60, 70 லிட்டர் டீசல் தீரும்.

டாங்கி என்றால் எல்லோரும் பார்ப்பது பீரங்கிக் குழாயை. அதன் தலையெழுத்தை எழுதுவது பின்பக்க இரும்பு மூடிக்கு அடியில் இருக்கும் எஞ்சின்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளங்கவைக்க உள்ளூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மலை ரயிலை இழுக்கும் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினின் திறன் சுமார் 1,400 குதிரைத்திறன், எடை 72 டன். அர்ஜுனும் ஏறக்குறைய அதே எடை, அதே திறன். ஆனால் ரயிலில் வண்டியின் பெரும்பகுதியே எஞ்சினுக்கான கூடுதான். டாங்கியில் அதே திறனைச் சில டன் எடைக்குள் அடக்கி, நாலு பேர் உட்கார இடம் விட்டு, பீரங்கிக்கும் குண்டுகளுக்கும் இடம் விட்டு, சுற்றிலும் கவசமும் போட வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்துக்கே ரயிலுக்குப் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. நவீன டாங்கி 10 அடிக்கு 6 அடி ஏறும் வகையில் வடிவமைக்கப்படுகிறது.

டென்மார்க் ராணுவத்தைப் பாருங்கள். அந்த நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடே 171 மீட்டர்தான். ஆனாலும் அங்கே லெப்பர்ட் 2ஏ7 டாங்கிகள் 44 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 12 சிலிண்டர், 1,500 குதிரைத்திறன் எஞ்சின். சமதளத்தில் ஓடும் டாங்கிக்கு இத்தனை திறன் எதற்கு? நின்ற இடத்திலிருந்து சில நொடிகளில் வேகமெடுக்க, சேற்றிலிருந்து மீள, சுட்டவுடன் இடம் மாற. போர்க்களத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும் டாங்கி பிழைக்காது. லெப்பர்டின் எஞ்சின் ஜெர்மனியின் எம்டியு நிறுவனத்துடையது, கியர்பெட்டி ஜெர்மனியின் ரெங்க் நிறுவனத்துடையது. நம் அர்ஜுனிலும் அதே இரண்டு பெயர்கள்தாம்.

ஊர் மாறினால் எஞ்சினுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல டீசல் எஞ்சின்கூட எரிபொருளின் ஆற்றலில் 40 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பம். அர்ஜுன் எஞ்சின் ஆயிரம் கிலோவாட் வேலை செய்யும்போது ஏறக்குறைய 1,500 கிலோவாட் வெப்பம் வெளியேறியாக வேண்டும். ஒரு பங்கு புகையோடு போகும். இன்னொரு பங்கை ரேடியேட்டர்தான் வெளியேற்ற வேண்டும். உள்ளே ஓடும் நீர் 105 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் வெளிக்காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 85. தார் பாலைவனத்தில் வெளியே 50 டிகிரி; வித்தியாசம் வெறும் 55. அதே வெப்பத்தை வெளியேற்ற ஒன்றரை மடங்கு காற்றை இழுத்தாக வேண்டும். விசிறி பெரிதாகும், எஞ்சின் திறனில் ஒரு பகுதியை அந்த விசிறியே சாப்பிடும். இழுக்கும் காற்றில் மாவு போன்ற மணல் வேறு. 2007 இறுதியில் டென்மார்க் தன் லெப்பர்ட்களை ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டுக்கு அனுப்பியபோது, வெயிலைத் தடுக்கும் தனிப் போர்வை போர்த்தித்தான் ஓட்டியது.

மலைக்குப் போனால் வேறு சங்கடம். கிளென்மார்கன் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. லடாக்கில் 4,200 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எரிக்க ஆக்ஸிஜனும் குறைவு, குளிர்விக்கக் காற்றும் குறைவு. டர்போ பொருத்தி ஓரளவு ஈடுகட்டலாம், முழுக்க முடியாது.

பீரங்கிக்கு வருவோம். அதில் நீலகிரிக்கு நேரடிச் சொந்தம் உண்டு. மலை ரயிலில் போகிறவர்களுக்கு அருவங்காடு நிலையம் தெரியும். அங்கே இருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்தது. துப்பாக்கித் தோட்டா முதல் பீரங்கிக் குண்டு வரை உந்தித் தள்ளும் மருந்தைச் செய்வதுதான் அதன் தொழில். மூலப்பொருள் என்ன தெரியுமா? பருத்தி. பருத்தி இழையை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் ஊறவைத்து, பலமுறை நீரில் அலசினால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். வினை நடக்கும்போது வெப்பம் கிளம்பும். அமிலம் மிச்சமிருந்தால் ஆபத்து. குளிர்ச்சியும் நல்ல தண்ணீரும் இந்தத் தொழிலுக்கு உயிர்நாடி.

பெரிய பீரங்கி மருந்தின் ஒரு மணியைக் கிட்டத்தில் பார்த்தால், சிறு உருளையாக இருக்கும்; நீளவாக்கில் ஏழு துளைகள் ஓடும். அந்தத் துளைகள்தாம் அதன் அறிவு. துளையில்லாத மணி எரிய எரியச் சிறுத்து, வாயு வருவதும் குறைந்துகொண்டே போகும். ஏழு துளை இருந்தால் வெளிப்பக்கம் சுருங்கும்போது உள்ளே துளைகள் அகலும். எரியும் பரப்பு கூடும். குண்டு குழாயில் முன்னேறும்போதும் அழுத்தம் சட்டென்று விழாமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். டாங்கிப் பீரங்கிக்குள் அந்த அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. அர்ஜுனின் 120 மில்லிமீட்டர் பீரங்கியிலிருந்து கவசம் துளைக்கும் அம்பு வடிவக் குண்டு நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறது. குழாயை விட்டுக் கிளம்பும் எடையை ஏழு கிலோ என்று வைத்தால் அதன் ஆற்றல் இரண்டு, இரண்டரை யூனிட்தான். ஆனால் அது சில மில்லிநொடிக்குள் நடந்து முடிகிறது. அந்தக் கணத்தின் திறன் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டும். கிளென்மார்கன் தண்ணீரில் ஓடும் 150 மெகாவாட் நிலையத்தைப்போலப் பல மடங்கு.

பீரங்கிக்கு ஒரு நொடி போதும். எஞ்சின்தான் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். நாம் சறுக்கியதும் அங்கேதான்.

1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் பிரிட்டிஷ் வடிவமைப்பில் விஜயந்தா டாங்கி அங்கே உருவானது. பின்னாளில் அர்ஜுன் ஆன சொந்த டாங்கிக்கு 1974-ல் 15.5 கோடி ரூபாயில் அனுமதி கிடைத்தது. பக்கத்திலேயே போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும் எழுந்தது. கவசத்தை ஹைதராபாத் உலோகவியல் ஆய்வகம் செய்துகொடுத்தது. காஞ்சன் என்று அதற்குப் பெயர். பீரங்கியும் நம்முடையது. மேடுபள்ளத்தைத் தாங்கும் வாயு-எண்ணெய் சஸ்பென்ஷனும் நம்முடையது. 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் ரஷ்ய டி-90 டாங்கியோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகு, ராணுவம் மேலும் 124 அர்ஜுன்களைக் கேட்டது. 2021 பிப்ரவரி 14-ல் சென்னையில் மார்க்-1ஏ முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய்க்கு 118 டாங்கிகளுக்கான ஆர்டரும் ஆவடிக்கு வந்தது.

ஆனால் 1974-ல் நினைத்த உள்நாட்டு எஞ்சின் கைகூடவில்லை. ஜெர்மன் எஞ்சினைப் பொருத்தினார்கள். முதலில் 58.5 டன்னாக இருந்த டாங்கி 68 டன்னாகக் கனத்தது. எஞ்சின் அதே 1,400-தான். டன்னுக்கு 24 குதிரைத்திறன் இருந்தது 20 சொச்சமாக இறங்கியது. பிறகு அந்த எஞ்சினும் ஜெர்மனியிலிருந்து நேரத்துக்குக் கிடைக்காமல் ஆவடி ஆர்டர் தள்ளிப்போவதாகச் செய்திகள் வந்தன. டாங்கி நம்முடையது என்று பெருமைப்படுகிறோம். அது நகருமா என்பதை வேறொரு நாடு தீர்மானிப்பது நெஞ்சை உறுத்துகிறது.

லடாக்குக்காக ஆவடி விஞ்ஞானிகள் லார்சன் அண்ட் டூப்ரோவோடு சேர்ந்து செய்த ஜோராவர் இலகு டாங்கியின் எடை 25 டன். டன்னுக்கு 30 குதிரைத்திறன். மலைக்கு ஏற்ற கணக்கு. 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் அது சுட்டுக் காட்டியது. ஆனால் அதன் எஞ்சினும் கமின்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துடையதுதான்.

2024 மார்ச் 20-ல் மைசூருவில் பிஇஎம்எல் ஆலையில் இந்தியாவின் முதல் 1,500 குதிரைத்திறன் டாங்கி எஞ்சின் சோதனை மேடையில் உயிர்பெற்றது. சோதனை மேடையில் ஓடுவது வேறு, பாலைவனத்தில் கோடைக்குக் கோடை ஓடுவது வேறு. இனிதான் கஷ்டமான வருடங்கள். பிஸ்டன் உருகும், கேஸ்கட் வெடிக்கும், விமர்சனமும் வரும். அந்த எஞ்சின் ஆவடி டாங்கிக்குள் ஏறி உட்காரும்வரை, அதைச் செய்கிற பொறியாளர்களுக்குப் பணத்தையும் காலத்தையும் அரசு குறைக்கக் கூடாது.